சிறுமலைக்கு சைக்கிளில்: ஏறுவதற்கு ஒரு நாள், இறங்குவதற்கு ஐந்து நாள்

முதல் நாள், ஞாயிறு

பொங்கல் முடிந்துவிட்டது. பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் வாடிவாசல் கம்புகளைப் பிரித்துவிட்டார்கள். மதுரையில் விடிகாலை பனி இன்னும் விடவில்லை. இந்த மூன்று நான்கு வாரம்தான் எங்கள் பக்கத்தில் சைக்கிளில் மலை ஏறத் தோதான காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும். மாசி பாதி தாண்டினால் வெயில் ஏறி, சரிவில் புல் காய்ந்து, காடு தீப்பிடிக்கிற பருவம் தொடங்கிவிடும்.

அக்கா மகன் மூன்று மாதமாக விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறான். என் வீட்டில் தங்கித்தான் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிறான். "மாமா, சிறுமலை ஒரே ஒரு தடவை. காலைல ஏறிட்டு மத்தியானம் வந்துரலாம்" என்பான். அவனுக்கு மலை என்றால் ஏறுவது. கியர் சைக்கிள் வாங்கினதிலிருந்து திண்டுக்கல் நான்கு வழிச்சாலையில் போகும்போதெல்லாம், வாடிப்பட்டி தாண்டினதும் வலது பக்கம் நீளமாகச் சுவர் எழுப்பின மாதிரி நிற்கிற அந்த மலையைத்தான் பார்த்துக்கொண்டு வருவான்.

நான் தள்ளிப்போட்டதற்குக் காரணம் உண்டு. பதினான்கு வருடத்துக்கு முன்னால் இதே சிறுமலையில் இறங்கும்போது விழுந்தேன். பதினோராவது கொண்டை ஊசி வளைவு. பின் பிரேக் கட்டை ஏற்கெனவே தேய்ந்து கிடந்தது, முன் பிரேக் வயர் அறுந்தது. தடுப்புச் சுவரில் மோதி இடது காறை எலும்பு உடைந்தது. சுவர் இல்லாத இடமாக இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு மாதம் யோசித்திருந்தேன். எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்த வளைவில் தண்ணீர் குடிப்பது, என்ன சாப்பிடுவது எல்லாம் யோசித்தேன். அத்தனையும் ஏறுவதைப் பற்றித்தான். இறங்குவது தானாக நடக்கும் என்று இருந்துவிட்டேன்.

அதனால் இந்த முறை திட்டத்தை மேலிருந்து கீழே போடுகிறேன். முதலில் இறங்குவதற்கு என்னென்ன வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, அப்புறம் ஏறுவதைப் பார்க்கலாம். வியாழக்கிழமை போவதாக முடிவு. சனி, ஞாயிறு என்றால் மலைச் சாலையே பழகாதவர்களும் காரில் குடும்பத்தோடு வருவார்கள். சிறுமலை இப்போது எல்லோரும் போகிற மலை. சாலையில் கூட்டம் குறைவான நாளைத் தேர்ந்தெடுப்பது பாதி பாதுகாப்பு.

காட்டுப் பாதை வழியாகப் போகலாமே என்று அவன் கேட்டான். "மலைப் பாதைல ஓட்டுற எம்.டி.பி. சைக்கிள் வாங்கினதே அதுக்குத்தானே மாமா?" வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். தேனி எங்களுக்குப் பக்கத்து மாவட்டம். அந்த வாரம் மதுரை முழுக்க அதே பேச்சுதான். அதன் பிறகு வனத்துக்குள் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. அனுமதி இல்லாமல் காட்டுப் பாதையில் சைக்கிளை இறக்குவது தப்பு, ஆபத்தும்கூட. தார்ச் சாலையில் போய் அதே தார்ச் சாலையில் திரும்புகிறோம்.

இரண்டாம் நாள், திங்கள்

சாயங்காலம் இரண்டு சைக்கிளையும் கடையில் விட்டோம். கடைக்கார அண்ணன் இருபது வருடமாக எனக்குத் தெரிந்தவர். முன்னே மூன்று, பின்னே ஏழு என்று கியர் சைக்கிள் மதுரைக்கு வராத காலத்திலேயே கோட்டம் எடுப்பதில் பெயர் வாங்கினவர். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கண்ணைச் சுருக்கி, ஒரு கம்பியை அரைத் திருகு திருகுவார். ஆட்டம் நின்றுவிடும்.

"எங்கண்ணே போறீக?"

"சிறுமலை."

அவர் முதலில் கை வைத்தது பிரேக் லீவரில். எனக்கு அதுவே நிம்மதியாக இருந்தது.

என்னுடையதில் வயரில் இயங்குகிற டிஸ்க் பிரேக். மருமகனுடையதில் ரிம்மைப் பிடிக்கிற ரப்பர் கட்டை. இரண்டுக்கும் நான்கு வயரையும் மாற்றச் சொன்னேன். பழைய வயரை உருவிப் பார்த்தால் லீவர் முனையில், வயரின் தலையில் இருக்கிற உருண்டைக்குக் கீழே, இரண்டு இழை ஏற்கெனவே பிய்ந்து நின்றது. பிரேக் வயர் அறுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். வெளியே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது, லீவரை முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். மருமகன் அந்த இழையை விரலால் தொட்டுப் பார்த்தான். அதன் பிறகு அவன் கேட்ட கேள்விகளின் ரகமே மாறிவிட்டது.

"புது வயர் போட்டதும் மலைக்குப் போயிறாதீக. ரெண்டு நாள் ஓட்டுங்க, வயர் இழுபடும், மறுபடி இறுக்கணும்" என்றார் அண்ணன். புதுக் கட்டையும் அப்படித்தான். ரிம்மில் உரசிப் பழகின பிறகுதான் முழுப் பிடி கிடைக்கும்.

ராத்திரி அவனை உட்கார வைத்து ஒரு கணக்குப் போட்டேன். அவன் பொறியியல் படிக்கிறவன், கணக்கில் சொன்னால்தான் ஏறும். நான், சைக்கிள், தண்ணீர், பை எல்லாம் சேர்த்து 84 கிலோ. சிறுமலை ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம். அடிவாரத்திலிருந்து பார்த்தால் 700 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ 576 கிலோ ஜூல் சக்தி வேண்டும். உடம்பு தின்கிற சாப்பாட்டில் கால்வாசியைத்தான் வேலையாக மாற்றும், மிச்சம் சூடாகவும் வியர்வையாகவும் போகும். ஆக, ஏறுவதற்கு மட்டும் 550, 600 கலோரி. ஒரு நல்ல காலைச் சாப்பாடும் கொஞ்சம் கடலைமிட்டாயும் போதும்.

"அவ்ளோதானா மாமா?"

"ஏறுறதுக்கு அவ்ளோதான். இப்ப இறங்குறதப் பாரு. நீ மேல ஏத்தின அந்த 576-ம் எங்கயும் போகல, உன்கூட மேல நிக்குது. கீழ வர்றதுக்குள்ள அது முழுக்க வெளியேறணும். கொஞ்சம் காத்து வாங்கிக்கும். மிச்சத்த யாரு வாங்குறது?"

அவன் கால்குலேட்டரை எடுத்தான். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் 84 கிலோவை ஒரு முறை முழுசாக நிறுத்த 3 கிலோ ஜூலுக்குக் கொஞ்சம் குறைவு. 576-ஐ அதால் வகுத்தான். கிட்டத்தட்ட 200 முறை. மலை இறங்குவது என்றால் 30 கி.மீ. வேகத்திலிருந்து 200 முறை சடக்கென்று நிறுத்துவதற்குச் சமமான சூட்டை, கட்டை விரல் பருமனுள்ள நாலு ரப்பர் கட்டையும் காற்றும் பங்கு போட்டுக்கொள்வது. திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

மூன்றாம் நாள், செவ்வாய்

பழகிப் பார்க்க அழகர்கோவில் போனோம். ஊருக்குள்ளிருந்து 20 கி.மீ. சொச்சம். கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி வழியாக, இரு பக்கமும் மண்டகப்படி மண்டபங்கள் நிற்கிற சாலை. சித்திரையில் அழகர் மலையிலிருந்து இறங்கி வைகைக்கு வருகிற வழி. இப்போது மண்டபங்கள் ஆளில்லாமல் கிடக்கின்றன. ஒன்றில் ஆடு படுத்திருந்தது.

கோயிலுக்குப் போய்ச் சேரும்போது மணி ஆறே முக்கால். பதினெட்டாம்படி கருப்பணசாமி கதவு முன்னால் சைக்கிளை நிறுத்தினோம். அங்கே கதவுக்குத்தான் சந்தனம், கதவுக்குத்தான் மாலை. மருமகன் கைகூப்பிவிட்டுச் சொன்னான்: "மாமா, இங்க பதினெட்டுப் படி. சிறுமலைக்கும் பதினெட்டு வளைவு." எனக்கு இத்தனை வருடத்தில் அது தோன்றியதே இல்லை. மறுபடி ஒரு முறை கும்பிட்டேன்.

அங்கிருந்து பழமுதிர்சோலைக்கு ஏறத்தாழ 3 கி.மீ. ஏற்றம். வாசலில் இருந்தவரிடம் கேட்டோம். கோயில் பஸ் ஓட ஆரம்பிக்கிறதுக்குள்ள போய்ட்டு வந்துருங்க என்று விட்டார். மரங்கள் சாலைக்கு மேல் கவிந்து, குரங்குகள் சுவர் மேல் வரிசையாக உட்கார்ந்து, குளிர் இருந்தது. ஏற்றத்தில் அவனுக்கு நான் சொன்னது ஒன்றுதான். கடைசி கியருக்குப் போக வெட்கப்படாதே. முன்னால் 24 பல், பின்னால் 28 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு 26 இஞ்ச் சக்கரம் 1.8 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 6 கி.மீ.க்குச் சற்று மேல். நடக்கிறவரைவிடக் கொஞ்சம்தான் வேகம். அந்த வேகத்தில் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போக முடிந்தால் எந்த மலையையும் ஏறிவிடலாம். பேச முடியவில்லை என்றால் அவசரப்படுகிறாய் என்று அர்த்தம்.

முதல் முறை இறங்கும்போது அவனை அவன் இஷ்டத்துக்கு விட்டேன். பயத்தில் மேலிருந்து கீழ் வரை இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தான். கீழே வந்ததும் "ரிம்மைத் தொடாம, பக்கத்துல கை வச்சுப் பாரு" என்றேன். அனல் அடித்தது. வெறும் 3 கி.மீ. சிறுமலையில் இப்படிப் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூட்டில் உள்ளே இருக்கிற ட்யூப் வெடிக்கக்கூட வாய்ப்பிருக்கிறது. கட்டை வழவழத்துப் பிடியும் குறையும்.

இரண்டாவது, மூன்றாவது முறை சொல்லிக்கொடுத்து இறக்கினேன். நேர் சாலையிலேயே, வளைவுக்கு முன்னால், நன்றாக அழுத்தி வேகத்தைக் குறை. வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிடு. அடுத்த வளைவு வரும் வரை கட்டை ஆறட்டும். முன் பிரேக்தான் நிஜமாக நிறுத்துவது, ஆனால் சடாரென்று பிடித்தால் முன்பக்கம் குப்புறத் தூக்கிப் போடும். அதனால் இரண்டு விரலால், பழம் பழுத்திருக்கிறதா என்று அமுக்கிப் பார்க்கிற மாதிரி ஆரம்பித்து அழுத்தத்தைக் கூட்டு. இடுப்பைப் பின்னால் தள்ளு. பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். பார்வை முன் சக்கரத்தில் இருக்கக் கூடாது, வளைவு எங்கே முடிகிறதோ அங்கே இருக்கணும். பார்க்கிற இடத்துக்குத்தான் சைக்கிள் போகும்.

நான்காவது முறை நான் சொல்ல எதுவும் இல்லை. கீழே வந்து அவனே ரிம் பக்கத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "கம்மியாத்தான் இருக்கு" என்றான்.

அழகர்கோவில் தோசை வாங்கினோம். மிளகும் நெய்யுமாய்க் கனமான தோசை. பசியில் அதன் ருசியைச் சொல்லி முடியாது. திரும்பி வந்ததும் அண்ணன் சொன்னபடி வயரை மறுபடி இறுக்கினோம். நிஜமாகவே இழுபட்டிருந்தது.

நான்காம் நாள், புதன்

குட்டி யானையில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு மதியம் திண்டுக்கல். அக்கா வீட்டில் தங்கல். மதுரையிலிருந்தே ஓட்டிக்கொண்டு போகலாம், 60 கி.மீ.க்கு மேல். ஆனால் களைத்த காலோடு ஏறலாம், களைத்த கையோடு இறங்கக் கூடாது. லீவர் பிடிக்கிற விரல் மரத்துப் போனால் எவ்வளவு நல்ல பிரேக் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

பையில் வைத்தவை: ஆளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர், உப்பு சர்க்கரைப் பொட்டலம், கடலைமிட்டாய், இரண்டு ட்யூப், பஞ்சர் சாமான், கைப் பம்பு, செயின் இணைப்பு, ஸ்பேனர், ஒரு பிரேக் வயர், கட்டு போடத் துணி, மருந்து. அப்புறம் நேற்றைய தினசரி, முழுசாக. அது எதற்கு என்று மருமகன் கேட்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

திண்டுக்கல்லுக்கு வந்துவிட்டுப் பிரியாணி சாப்பிடாமல் படுப்பது இதுதான் முதல் தடவை. அக்கா இட்லியும் தேங்காய்ச் சட்னியும் வைத்தாள். பரிமாறிக்கொண்டே இருந்தவள், என் காறை எலும்பு உடைந்து கிடந்தபோது இரண்டு மாதம் பக்கத்தில் இருந்து பார்த்தவள், ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"தம்பி, இறங்கும்போது யாரு முன்னாடி?"

"நான்தான்க்கா. நான் போற வேகத்துக்கு மேல அவன் வர முடியாது."

"ம்" என்று இன்னொரு இட்லி வைத்தாள்.

ஐந்தாம் நாள், வியாழன்

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். ஆறரைக்கு நத்தம் சாலையில் கிளம்பும்போது கைவிரல் விறைத்தது. இருட்டில் ஏற வேண்டாம் என்பது முதலிலேயே முடிவு. சிறுமலையில் காட்டுமாடு உண்டு. விடிந்த பிறகும் சாலையோரம் நிற்கும். சிறுமலைப் பிரிவு வரைக்கும் உள்ள சில கி.மீ. சமதளம் கால் சூடாகப் போதுமாக இருந்தது.

வனத்துறை செக்போஸ்ட்டில் பையைத் திறந்து காட்டினோம். அங்கிருந்தவர் நல்ல மனிதர். "காட்டுமாடு நின்னா பெல் அடிக்காதீங்க, பக்கத்துல போகாதீங்க. அதுவா நகர்ற வரைக்கும் நில்லுங்க. வேற ஒண்ணும் பயமில்ல" என்றார்.

ஏற்றம் ஆரம்பித்ததும் மருமகன் பேனாவை எடுத்துக் காதில் சொருகினான். இது அவன் யோசனை. ஏறும்போது ஆறு ஏழு கி.மீ. வேகத்தில்தான் போகப் போகிறோம், சாலை முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். இறங்கும்போது எது ஆபத்தோ அதை இப்போதே குறித்துக்கொள்ளலாம் என்றான். காகிதம் பைக்குள் இருந்ததால் முழங்கையில் எழுத ஆரம்பித்தான். மூன்றாவது வளைவில் ஓரத்தில் சரளை. ஆறில் தார் பெயர்ந்த குழி. ஒன்பதில் மணல். நான் இத்தனை வருடம் யோசித்து எழுதின திட்டத்தில் இது இல்லை. எவ்வளவு எளிமையான விஷயம்!

வளைவுகளில் ஒரு நுணுக்கம் உண்டு. நாம் இடது ஓரம் போகிறவர்கள். இடது பக்கம் திரும்புகிற கொண்டை ஊசியில் உள் வளைவில் மாட்டுவோம், அங்கேதான் செங்குத்து அதிகம். வலது பக்கம் திரும்புகிறதில் வெளிச் சுற்று, தூரம் கூடுதல், ஏற்றம் மட்டு. அதனால் இடது வளைவுக்கு முன்னாலேயே கடைசி கியருக்குப் போய்விட வேண்டும். வளைவுக்குள் போன பிறகு அழுத்திக்கொண்டே கியர் மாற்றினால் செயின் நழுவும், சில நேரம் அறும். அவனுக்கு ஐந்தாவது வளைவில் நழுவியது. இறங்கி மாட்டிவிட்டு, கையில் கிரீஸோடு ஏறினான்.

ஏழு முடிந்ததும் கீழே திண்டுக்கல் தெரிந்தது. பனிக்கு நடுவில் மலைக்கோட்டைப் பாறை மட்டும் தனியாக மிதந்தது. அங்கே தண்ணீர் குடித்தோம். குரங்குகள் வந்துவிட்டன, பையைத் திறக்கவில்லை.

அரசு பஸ் ஒன்று மேலே போனது. கொண்டை ஊசியில் பஸ் திரும்பும்போது சாலை முழுவதும் அதற்குத்தான். ஹாரன் கேட்டதும் வளைவுக்கு முன்னாலேயே ஓரமாக நின்றுவிட்டோம். அந்த ஓட்டுநர் கை காட்டிவிட்டுப் போனார்.

பதினோராவது வளைவு வந்தது. தடுப்புச் சுவருக்குக் கறுப்பும் மஞ்சளும் அடித்திருக்கிறார்கள். நான் மோதின இடத்தை வெள்ளைச் சுவராகவே ஞாபகம் வைத்திருந்தேன். இறங்கி, சுவரில் கை வைத்து, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். செடியும் பாறையுமாய்ச் சரிவு. மருமகன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. முழங்கையில் 11 என்று எழுதி, பக்கத்தில் எதுவும் எழுதாமல் விட்டான்.

பதினான்கில் மரநிழலில் தார் ஈரமாக இருந்தது. பதினாறுக்கு அந்தப் பக்கம் பச்சையாகக் காட்டுமாட்டுச் சாணம். மாடு எங்கேயும் தெரியவில்லை. இரண்டையும் குறித்துக்கொண்டான்.

பதினெட்டு முடிந்து சாலை சமமானதும் காற்றே வேறு. காபிச் செடி, மிளகுக் கொடி ஏறின மரங்கள், பலா, எலுமிச்சை. பழையூர் டீக்கடையில் சைக்கிளைச் சாத்திவிட்டு மணி பார்த்தால் ஒன்பதே கால். சுக்குக் காபியும் சூடான பருப்பு வடையும். குதிரை ஒன்று இரண்டு பக்கமும் மூட்டையோடு யாரும் இழுக்காமல் தானாகக் கடை முன்னால் நடந்து போனது. இங்கே வண்டி போகாத தோட்டங்களிலிருந்து விளைச்சலை இன்றும் குதிரைதான் கொண்டுவருகிறது. பொங்கல் சமயத்தில் அந்தோணியார் கோயிலில் குதிரைகளை அலங்கரித்து மந்திரிப்பார்கள். இதற்கு கழுத்தில் வாடின மாலை இன்னும் இருந்தது.

சிறுமலை என்றால் மலைவாழை. புவிசார் குறியீடு பெற்ற பழம். ஒரு காலத்தில் முடிக்கொத்து நோய் வந்து இந்த மலையின் வாழைத் தோட்டங்களை அழித்தது. கடைக்காரர், தன் அப்பா காலத்தில் மலை முழுக்க வாழையாக இருந்ததைப் பற்றிப் பேசினார். பெரிய இலாபம் இல்லை என்றாலும் விடாமல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களால்தான் இந்தப் பழம் இன்னும் நம் கைக்கு வருகிறது. இரண்டு சீப்பு வாங்கினோம். சின்னப் பழம், இனிப்போடு லேசான புளிப்பு. தோல் கறுத்துச் சுருங்கினாலும் உள்ளே கெடாது.

புதூர் வரை போய், ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அகஸ்தியர்புரம் தாண்டி வெள்ளிமலை உச்சி சிவன் கோயிலுக்கு நடைபாதைதான். அதற்கு இன்னொரு நாள், நடந்து வரவேண்டும்.

பத்தரைக்கு இறங்க ஆயத்தம். சீட்டை இரண்டு இஞ்ச் கீழே இறக்கினோம், எடை தாழ்ந்தால் முன்னால் குப்புற விழுகிற வாய்ப்பு குறையும். முன் பிரேக்கை மட்டும் பிடித்துச் சைக்கிளைத் தள்ளிப் பார்த்தோம், அப்புறம் பின் பிரேக்கை மட்டும். சக்கரத்தைச் சைக்கிளோடு பிடித்து நிறுத்துகிற பூட்டு இறுக்கமா என்று பார்த்தோம். அப்போது தினசரியை எடுத்து ஆளுக்குப் பாதி கொடுத்து, சட்டைக்குள் நெஞ்சோடு வைக்கச் சொன்னேன். ஏறின வியர்வை சட்டையில் இருக்கும், இறங்கும்போது காற்று அடித்தால் உடம்பு வெடவெடக்கும், நடுங்குகிற கை லீவரைச் சரியாகப் பிடிக்காது. பேப்பர் காற்றை நிறுத்திவிடும்.

நான் முன்னால். அவன் பத்து மீட்டர் பின்னால்.

"பதினாறு, சாணி மாமா!"

வேகத்தைக் குறைத்து விலகினேன். "பதினாலு, ஈரம்!" அங்கே பிரேக்கையே தொடாமல் சைக்கிளைச் சாய்க்காமல் நேராக உருட்டிக்கொண்டு போனோம். ஒவ்வொரு வளைவுக்கும் பின்னாலிருந்து அவன் குரல் வந்துகொண்டே இருந்தது. ஒரு சொகுசுக் கார் பின்னால் வந்து விடாமல் ஹாரன் அடித்தது. நேர் சாலை வந்ததும் ஓரமாக நின்று வழி விட்டோம். நம்மை யாரோ துரத்துகிற மாதிரி தோன்றும்போது நின்றுவிடுவதுதான் சரி, வேகம் கூட்டுவது இல்லை.

பதினொன்றை எட்டியபோது நானாகவே நின்றேன். முதலில் போட்ட திட்டத்திலும் அங்கேதான் முதல் நிறுத்தம். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது, சூடான இரும்பு கோணிவிடும். பத்து நிமிடம் சும்மா ஆறவிட்டோம். விரல்களை உதறிக்கொண்டோம். சுவர் மேல் உட்கார்ந்து ஆளுக்கொரு பழம் சாப்பிட்டோம். குரங்கு எதுவும் அப்போது வரவில்லை.

ஒன்பதில் மணல், அவன் கத்தினான், தப்பினோம். ஐந்தாவது வளைவுக்கு அவன் கையில் எதுவும் எழுதவில்லை. அங்கேதான் குரங்குக் கூட்டம் ஒன்று, குட்டிகளோடு, சாலையைக் கடந்துகொண்டிருந்தது. நான் அழுத்தினேன், நின்றேன். பின்னாலிருந்து சக்கரம் கீச்சிடும் என்று உடம்பு தானாகச் சுருங்கியது. எந்தச் சத்தமும் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அதே பத்து மீட்டர் தள்ளி, ஒரு கால் ஊன்றி, இடுப்பு சீட்டுக்குப் பின்னால், நின்றுகொண்டிருந்தான். "போகட்டும் மாமா, அவசரமில்ல" என்றான்.

செக்போஸ்ட்டில் காலையில் இருந்தவரே இருந்தார். அவருக்கு ஒரு சீப்புப் பழம் கொடுத்தோம். பதினொன்றே முக்கால். அக்காவுக்கு போன் போட்டு "கீழ வந்துட்டோம்" என்றேன். "சாப்பாடு ரெடி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

ஆறாம் நாள், வெள்ளி

இரண்டு சைக்கிளையும் கடையில் கொண்டுபோய் நிறுத்தினோம். அண்ணன் மருமகனுடைய முன் பிரேக் கட்டைகளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். திங்கட்கிழமை போட்ட புதுக் கட்டை. ரப்பரில் வெட்டியிருந்த பள்ளம் பாதிக்கு மேல் தேய்ந்து போயிருந்தது. "ஒரு மலைக்கு இவ்ளோ தின்னுருக்கு பாருங்க" என்றார். என் டிஸ்க் பேடில் இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது. வயர் நான்கும் நன்றாக இருக்கிறது, லீவர் முனையில் ஒரு இழைகூடப் பிய்யவில்லை. மருமகனே ஒவ்வொரு லீவராக அழுத்திப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னான். முழங்கையில் எண்கள் இன்னும் முழுசாக அழியவில்லை.

அண்ணனுக்கு இரண்டு மலைவாழை கொடுத்தோம். தோல் கறுக்க ஆரம்பித்திருந்தது. உரித்துச் சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, புதுக் கட்டையை எடுக்க உள்ளே போனார்.